முயல் மாத்திரை

“வீட்டில ஏதும் பிரச்சினை இருக்கோ எண்டு டொக்டர் கேக்கிறா. உங்கட அவர் எப்பிடி? ஏதும் கரைச்சல் குடுக்கிறவரோ?”

இப்படிக் கேட்டது துஷ்யந்தி மிஸ். அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. டவுன் ஆஸ்பத்திரியில் அபிவிருத்தி உத்தியோகத்தர். தோட்டத்து ஆட்கள் வந்தால், அவர்கள் சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்தில் மாற்றிச் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. எனக்குச் சிங்களம் அடியோடு தெரியாது என்றில்லை. சந்தையில் விலை கேட்பேன், பஸ்ஸில் கொண்டக்டரோடு சண்டையும் போடுவேன். ஆனால் நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்லத் தமிழே எனக்குத் தடுமாறுகிறது. சிங்களத்துக்கு நான் எங்கே போவேன்?

“கரைச்சல் ஒன்னும் இல்லீங்க மிஸ்” என்றேன். பிறகு, வந்ததே வந்தோம், உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று துணிந்து, “அவரு பேசுறதே இல்லீங்க” என்றேன்.

அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாயிடம் கூட. நான் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் துஷ்யந்தி மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்திருந்தார். டொக்டர் முகம் மலர்ந்து, “ஹொந்தாய், ஹொந்தாய்” என்று தலையாட்டியபடி எழுதிக்கொண்டார்.

நல்லதாம். கட்டினவன் மாதக்கணக்காக வாய் திறக்காமல் இருப்பதில் என்ன நல்லதைக் கண்டார் இந்த அம்மா? நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டால் டொக்டர்மாருக்குச் சந்தோஷம் வரும் போலிருக்கிறது என்று நானே எனக்கொரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பெயர் தர்மிளா, ஆனால் பிள்ளைகளுக்கு நான் ‘டீச்சர்’. என் வீட்டுக்காரர் தினேஷ் ஓப்பநாயக்கப் பக்கம் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை, பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

போன கார்த்திகை மழையில் எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. விடியும் நேரம், அடுப்பு மூட்டக் கூட எழும்பவில்லை. பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவதைப் போல ஒரு சத்தம். நான் பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எனக்கு முன்னாலேயே தினேஷ் ரோட்டில் நின்றார், செருப்புக் கூட இல்லாமல். மண் அடுப்படிச் சுவரோடு நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லயத்து ஆட்களையெல்லாம் ஸ்கூலில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே பொழுது போகவேண்டுமே, எல்லோரும் பழையபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். மடுவத்தில் எனக்குத் துணையாக இருக்கும் இருளாயி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. “தினேஷு, மண்ணு கீழ வர முந்தியே நீ ரோட்டுக்குப் போயிட்டியேப்பா. அடுத்த தடவ எங்களுக்கும் ஒரு மிஸ்கோல் குடு” என்றார். ஸ்கூலே சிரித்தது. தினேஷும் சிரித்தார். நல்ல பேச்சுக்காரர் அவர்; திரீவீலில் ஏறின ஆள் இறங்குவதற்குள் மூன்று கதை சொல்லிவிடுவார். அன்றைக்குச் சிரித்ததோடு சரி. அதற்குப் பிறகு ‘ம்’, ‘ம்ஹும்’, அவ்வளவுதான்.

இடத்தைப் பார்க்க வந்த அதிகாரிகள், அந்த லயத்தில் இருக்க வேண்டாம் என்றார்கள். வேறு எங்கே இருப்பது என்று சொல்லவில்லை. மழை விட்டதும் அதே லயத்துக் காம்பராவுக்குத் திரும்பி வந்து, அடுப்படியில் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுச் சோறாக்கினோம்.

எனக்கு இந்த நோய் முதலில் வந்தது மடுவத்தில் வைத்துத்தான். மடியில் ஒரு குழந்தை, கையில் பால் போத்தல். தகரத்தில் மழை விழுந்தது. அவ்வளவுதான் தெரியும். நெஞ்சு தடதடவென்று அடித்தது, விரல் மரத்துப் போனது, மூச்சு உள்ளே போக மறுத்தது. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன். குழந்தை நழுவப் பார்த்தது. இருளாயி அக்கா ஓடிவந்து வாங்கிக்கொண்டார். பிறகு மழை பெய்யும்போதெல்லாம் வந்தது. அதற்கும் பிறகு, வெயில் அடிக்கும்போதும், மழை வந்தால் என்ன செய்வது என்று நினைத்தாலே வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இருதயம் தங்கமாக இருக்கிறது, பின்பக்க ரூமுக்குப் போங்கள் என்றார்கள். பின்பக்க ரூம் மனநோய்க்காரருக்கானது என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

ஏன் போனேன் என்றால், கை நடுங்குகிறவளிடம் எந்தத் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்? இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதை இழந்துவிடுவேனோ என்ற பயம், மலையைப் பற்றிய பயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

“இதுக்குப் பேர் பதகளிப்பு நோய் அக்கா” என்றார் துஷ்யந்தி மிஸ்.

“களிப்பா? எங்கங்க மிஸ் களிப்பு?” என்றேன். அந்த நிலையிலும் எனக்கு வாய் அடங்கவில்லை. அவர் சிரித்து, “பதட்டம், பதட்டம்” என்று எனக்காக மாற்றிச் சொன்னார்.

டொக்டர் அவசரப்படாமல் விளக்கினார். வயதில் என்னைவிடச் சின்னவராக இருக்கவேண்டும், ஆனால் நிதானம். நெஞ்சடிப்பைக் குறைக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறதாம். சின்ன வயதில் எனக்கு மூச்சிழுப்பு வந்தது என்று சொன்னதும் அதைக் கழித்துவிட்டார். இழுப்புக்காரருக்கு அது கூடாதாம். இரண்டாவது, தினமும் காலையில் போடுவது. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், வாரக்கணக்காகும். தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டும், படபடப்புக் கூடின மாதிரியும் இருக்கும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. சுகமான பிறகும் டொக்டர் சொல்லும் வரை போடவேண்டும். மூன்றாவது, போட்ட கொஞ்ச நேரத்திலேயே அடக்கிவிடும். ஆனால் தூக்கம் வரும், பழகினால் விடாது. அதனால் சில மாத்திரை மட்டும் தருவார், தாங்கவே முடியாத நாளுக்கு.

“கதைச்சுக் கதைச்சுப் பயத்தை மாத்திற வழியும் இருக்கு. மாத்திரையோட அதுவும் சேந்தால் இன்னும் நல்லம்” என்றார் துஷ்யந்தி மிஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா அதைச் செய்யிற ஆள் சிங்களத்தில தான் கதைப்பார் அக்கா” என்றார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். “மலை சரியுறது நெசந்தானுங்களே. மாத்திரை போட்டா மலை நிக்குமா?”

அதைக் கேட்டு டொக்டர் கோபப்படவில்லை. மலைக்குப் பயப்படுவது நோயில்லை என்றார். அந்தப் பயம் இருக்கவேண்டும், அதுதான் உங்களை ஓடவைத்தது. வெயில் நாளிலும் வந்து கையைப் பிடித்து நடுக்குகிறதே, அந்த மிச்சத்தைத்தான் மாத்திரை குறைக்கும். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பயம் முழுவதையும் எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கடைசியில் துஷ்யந்தி மிஸ், “அந்தத் தூக்கம் வாற குளிசையை மட்டும் உங்கட அவரிட்டக் குடுத்து வையுங்கோ. அவர் நல்ல மனுசன் தானே, கவனமா வச்சிருந்து தருவார் எண்டு டொக்டர் சொல்லுறா” என்றார். நல்ல மனுஷன் என்று நான் எப்போது சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே எழும்பி வந்தேன்.

பிள்ளைகளோடு இருந்து இருந்து எனக்கு எதற்கும் பெயர் வைக்கும் பழக்கம். மெதுவாக வேலை செய்வதற்கு ஆமை மாத்திரை, சட்டென்று வேலை செய்வதற்கு முயல் மாத்திரை என்று பெயர் வைத்தேன். முயல் இருந்த கடதாசிப் பக்கெட்டைத் திரீவீலில் வைத்தே தினேஷிடம் கொடுத்து, டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு “ம்” என்றார்.

ஆமை என்னைப் படுத்தாத பாடு படுத்தியது. காலையில் தேத்தண்ணி வாசம் பட்டாலே குமட்டியது. படபடப்பு அடங்குவதை விட்டு இன்னும் ஏறியது. இருளாயி அக்கா, “அது பிஸ்ஸு பெத்திடி, பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திர. வீசிட்டுக் கோயில்ல ஒரு கயிறு கட்டிக்க” என்றார். “கயிறும் கட்டிக்கிறேன், பெத்தியும் போடுறேன். எது கேக்குதுன்னு பாப்போம்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நிறுத்திவிடத்தான் மனசு துடித்தது. முன்னாடியே சொல்லி வைத்தார்களே என்ற ஒன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. முயலைக் கேட்கவே இல்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் தூங்கி விழ முடியுமா?

எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் மடுவத்தில் பிள்ளைகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று முடித்து ஒன்று என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் வெட்டி, நகத்தைக் கூட்டிப் போடக் கதவைத் திறந்தால், வெளியே கொட்டோ கொட்டென்று மழை. தகரத்தில் விழுந்த சத்தம் எவ்வளவு நேரமாகவோ என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. என் கையைப் பார்த்தேன். அது பாட்டுக்கு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அழுதேன், ஆனால் அது சந்தோஷ அழுகை.

அதைச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளை இருளாயி அக்காவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பட்டப்பகல், ஆனால் திரீவீல் வாசலில் நின்றது. தினேஷ் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். “என்னாங்க, மழ பேஞ்சிச்சு, எனக்கு ஒன்னுமே ஆகல” என்றேன். போர்வையை விலக்கிப் பார்த்தார். கண் சொருகிப் போயிருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உழைக்கப் போகாமல் படுத்திருப்பதும் போதாது, ஒரு நல்ல வார்த்தைக்கும் பஞ்சமா? ஆணியில் கிடந்த அழுக்குச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் முயல் பக்கெட் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

நான் ஒன்று கூடப் போடவில்லையே. “எங்கங்க மாத்திரையெல்லாம்? வீசிட்டீங்களா? பொஞ்சாதி பிஸ்ஸு பெத்தி போடுறான்னு ஸ்டாண்டுல சிரிக்கிறானுங்களா?” என்று கத்தினேன். அவர் எழும்பி, என் முகத்தைப் பார்க்காமல், மழைக்குள் இறங்கிப் போய்த் திரீவீலுக்குள் உட்கார்ந்துகொண்டார். வண்டியை எடுக்கவும் இல்லை. அப்படியானால் அதுதான் காரணம், என்னால் அவருக்கு வெட்கம் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார். நான் உள்ளே போய் நகம் வெட்டின கதையைச் சொன்னேன். டொக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆமையைத் தொடரச் சொல்லிவிட்டு, முயல் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்டார்.

“நான் ஒன்னும் போடலீங்க. ஆனா ஒன்னுமே இல்ல. அவரு வீசிட்டாரு போல” என்றேன்.

துஷ்யந்தி மிஸ் சிங்களத்தில் சொல்வதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் வீசினவர்? அவர் நல்ல மனுசன், பேசுறதே இல்லை எண்டெல்லோ போனமுறை சொன்னீங்கள்?”

“பேசாத மனுசன் எப்படிங்க மிஸ் நல்ல மனுசன்?”

“பேசாட்டி நல்லது தானே அக்கா? எங்கட அப்பா எண்டால் கறிக்கு உப்புக் காணாட்டியே அம்மாவைப் பேசுவார்.”

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்க எந்தப் பேச்சச் சொல்றீங்க மிஸ்?”

“பேசுறதெண்டால் ஏசுறது தானே?”

“ஏசுறது ஏசுறதுங்க. நான் சொன்னது வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுறது. நீங்க சொல்ற கதைக்கிறது.”

துஷ்யந்தி மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ அக்கா. அவர் உங்களோட கதைக்கிறேல்லையோ? அவர் உங்களை ஏசிறதே இல்லை எண்டு தான் நான் டொக்டரிட்டச் சொன்னனான்.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது தமிழ்தானே, அதிலேயே ஒரு மண்சரிவு. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவர் முகம் சிவந்து, டொக்டரிடம் முழுவதையும் சொன்னார். டொக்டர் பழைய பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியை வெட்டிவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள் என்றார்.

தினேஷ் வந்து கதவோரம் நின்றார். அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவருக்கு மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை. மாத்திரை எங்கே என்று டொக்டர் கேட்டார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “மம தமய் பிவ்வே” என்றார். நான்தான் குடித்தேன்.

ஏன் என்று டொக்டர் கேட்டார்.

“மட பயய், டொக்டர்.”

துஷ்யந்தி மிஸ் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார். “வேணாங்க மிஸ், வெளங்குது” என்றேன். எனக்குப் பயம் என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. மாதக்கணக்காக அடைத்து வைத்ததெல்லாம் சிங்களத்தில் கொட்டியது. எனக்குப் பாதிதான் பிடிபட்டது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது. மழை வந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிவதில்லை. பிரயாணிகளை நடுவழியில் இறக்கி விட்டிருக்கிறார். என் மாத்திரையைப் போட்டால் பயம் அடங்குகிறது, ஆனால் தூக்கம் வருகிறது, அதனால் அன்றைக்கு வண்டி எடுப்பதில்லை. மாத்திரை முடிந்துபோனதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொருவருடைய மாத்திரையைப் போட்டதற்கு டொக்டர் நன்றாகத் திட்டினார். போட்டுவிட்டு ஒரு நாள் வண்டியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். பிறகு அதே மூச்சில், உங்களுக்கு இழுப்பு உண்டா, வேறு நோய் உண்டா, குடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டு, அவர் பெயரில் புதிதாக எழுத ஆரம்பித்தார். நான் வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். என் புருஷனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை என்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. நடுங்கிய கையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திரிந்தேனே, அதே நடுக்கம் பக்கத்துப் பாயில் கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

அவர் வெளியே வந்தார். இருவரும் திரீவீலுக்கு நடந்தோம். நான் பின்னால் ஏறினேன், அவர் முன்னால் உட்கார்ந்தார். தூறல் தொடங்கியது. அவர் சாவியைப் போடவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“ஒன்னையும் பாப்பாவையும் விட்டுட்டு ஓடிட்டேன் தர்மி.”

அதெல்லாம் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் வரவில்லை. ஸ்கூலில் எல்லோரும் சிரித்தபோது நான் மட்டும் சிரிக்கவில்லை. பெருந்தன்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அது பெருந்தன்மை இல்லை. எனக்குக் கோபம், அவ்வளவு கோபம்.

“ஓடிட்டீங்கதான்” என்றேன். “எனக்கு அது இன்னும் ஆறல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான் எட்டி அந்தத் தோளில் கையை வைத்தேன். கோபம் போய்விட்டது என்று இல்லை, அது இருக்கும்போதே வைத்தேன்.

“நாம இன்னும் அந்த லயத்துலதான் இருக்கோம். அடுத்த தடவ பாப்பாவ நீங்க தூக்குங்க. நான் பின்னாலயே வாறேன்.”

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

“ரோட்டுப் பக்கம் வேணாம்” என்றார். “அங்கயும் மேல மண்ணு வெடிச்சிருக்கு, நான் பாத்தேன். கோயில் பக்கமா ஓடுவோம்.”

“கோயில் பக்கம் படி வழுக்குமே.”

“பாப்பாவ நான் முதுகுல கட்டிக்கிறேன். நீ என் சட்டையப் புடிச்சுக்க.”

எந்தத் துண்டால் கட்டுவது, டோர்ச்சை யார் எடுப்பது, இருளாயி அக்காவை யார் கூப்பிடுவது என்று மழை விடும் வரை அங்கேயே இருந்து பேசினோம்.